கடைசிச் சவுக்கு மரம்

போன ஈஸ்டருக்குப் பிறகு, வீட்டில் மோட்டார் போடும் வேலையை என் கணவர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நான் போட்டால் தொட்டி நிரம்புவதில்லை. தண்ணீர் விழுந்து விழுந்து மட்டம் ஏறும்போது ஒரு கட்டத்தில் சத்தம் மாறும் அல்லவா, அந்த இடத்தில் என் கை தானாகப் போய் ஸ்விட்சை அணைத்துவிடும். "பாதித் தொட்டியோட குடும்பம் நடத்துறது மேனாம்பேட்டுலயே நம்ம வீடு ஒண்ணுதான்" என்றார் ஒரு நாள். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். சிரித்தேன். ஆனாலும் சத்தம் மாறும் அந்தக் கணத்தை என்னால் இன்னும் நின்று கேட்க முடியவில்லை.

எங்களுடையது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் கறி எடுக்காத வீடு. ஈஸ்டர் ஞாயிறு விடியற்கால ஆராதனையிலும் உறவுக்காரர் வீடுகளிலும் கழிந்துவிடும். மறுநாள்தான் எங்களுக்கென்று இருந்த நாள். நான் குமணன்சாவடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று விடுப்பு சொல்லிவிடுவேன். பூந்தமல்லியில் ஒரு பாய் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்த பிரியாணியைச் சட்டியோடு வேனில் ஏற்றிக்கொள்வோம். என் கணவர், நான், எங்கள் ஒரே மகள், கணவரின் அக்கா, ஐந்தாவது ஆளாக அந்தச் சட்டி. செங்குன்றம், பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு. மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது தொடங்கிய பழக்கம் அது.

பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கத்தின் பக்கம் வேனை நிறுத்திவிட்டு வடக்கே நடப்போம். வலது கையில் கடல். இடது கையில் ஏரி, உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்த பெரிய ஏரி. இரண்டுக்கும் நடுவில் நீண்டுகொண்டே போகும் மணல், வடக்கே போகப்போக ஒடுங்கி, கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தில் போய் முடியும். அந்த முனைக்குக் கொஞ்சம் முன்னால் ஏரி கையை நீட்டிய மாதிரி ஒரு கிளைக் கால்வாய் மணலை அறுத்துக்கொண்டு போகும். அதைத் தாண்டினால் ஒரு சவுக்குத் தோப்பு, தோப்புக்கு அப்பால் யாருமே இல்லாத வெள்ளை மணல். "சமுத்திரம் நாக்க நீட்டிக்கினு நம்மள பழிப்பு காட்டுது பாரு" என்று கணவரின் அக்கா முதல் முறை பார்த்தபோது சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் நாக்கு. "இந்த வருஷம் நாக்குக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறோம்?" என்று பேசிக்கொள்வதைக் கேட்டு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குழம்பியிருக்கிறார்.

நான்கு வயதில் அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கால்வாயைத் தாண்டினாள். முழுக் கையையும் கொடுத்தால் வேண்டாம் என்பாள், சுண்டுவிரல் மட்டும். ஈரமான சின்னக் கை, உள்ளங்கையில் மணல் நறநறக்கும். அக்கரைக்குப் போனதும் விரலை விட்டுவிட்டு, குதிகாலால் ஈர மணலைத் திருகி மட்டிச் சிப்பி தேடுவாள். கிடைத்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டு அதே குழியில் வைத்து மூடிவிடுவாள். அந்தப் பகல்களில் எனக்கு எந்தக் கவலையும் இருந்ததாக நினைவில்லை. கவலைப்படுவதே பிழைப்பாக இருப்பவள் நான் என்பதால், அந்த வெறுமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கால்வாயைத் தாண்டும் வழியைக் கண்டுபிடித்தது நான். அதில் எனக்குப் பெருமை அதிகம். அம்பத்தூர் ஏரிக்கரையில் வளர்ந்தவள் நான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஏரிக்குள் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளங்கள் ஆங்காங்கே இருந்தன. தண்ணீர் நிறைந்துவிட்டால் வெளியே தெரியாது. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரு வழி தெரியும். உபரித் தண்ணீர் வழியும் கலங்கலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எதிர்க்கரையில் கடைசிப் பனைமரத்தை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. இரண்டு பக்கமும் ஆளை முழுங்கும் பள்ளம், நடுவில் அந்த ஒரு கோடு. ஏரி வற்றினாலும் நிரம்பினாலும் அந்தக் கோடு அப்படியே இருந்தது.

அதே வித்தையைத்தான் நாக்கிலும் செய்தேன். கலங்கரை விளக்கத்துக்கு முதுகு. அக்கரைத் தோப்பின் கடல் பக்கத்து ஓரத்துக் கடைசிச் சவுக்கு மரம் மூக்குக்கு நேராக. முழங்கால் தண்ணீர். இரண்டாவது வருஷமும் சரியாக வந்தது, மூன்றாவது வருஷமும் வந்தது. "கணக்கு டீச்சர் கோடு போட்டா கோணவே கோணாது" என்று சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கணவர் பின்னால் வருவார்.

நாக்கு மாறிக்கொண்டேதான் இருந்தது. அதை நாங்கள் பார்க்காமல் இல்லை. படம் எடுக்கும்போது பார்த்தோம். ஒவ்வொரு வருஷமும் தோப்பு பின்னால் தெரியும்படி மகளை நிறுத்திப் படம் எடுப்போம். ஒரு படத்தில் மரங்களுக்கும் கடலுக்கும் நடுவில் பெரிய மைதானமே இருக்கும். இன்னொன்றில் அலை வேரை நனைக்கும். அதற்கடுத்த வருஷம் நாக்கு வடக்கே நீண்டுபோய், முனைக்கு நடப்பதற்குள் கணவரின் அக்கா இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பார்த்ததெல்லாம் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்பதைத்தான். மணல் படத்துக்குப் பின்னணி.

அவள் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் முகத்துவாரமே இல்லை. மணல் முழுக்க அடைத்துக்கொண்டு அக்கரையோடு ஒட்டிவிட்டது. ஏரிப் பக்கம் தண்ணீர் சேற்று நாற்றம் அடித்தது. மீனவக் குப்பத்து ஆட்கள் நூறு பேருக்கு மேல் மண்வெட்டியும் மண் சுமக்கும் பாண்டுமாக நின்று மணலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பிரியாணிச் சட்டியோடு ஓரமாக நின்று பார்த்தோம். என் வயதிருக்கும் ஒரு பெண், சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, தலையில் ஈர மணலோடு எங்களைத் தாண்டிப் போனவள் நின்றாள்.

"இன்னாமா, சினிமா ஷூட்டிங்கா நடக்குது? பாத்துகினே நிக்கறீங்க? ஆளுக்கு ரெண்டு பாண்டு தூக்குங்கோ. பிரியாணி நல்லா செரிக்கும்."

ஏரித் தண்ணீருக்குள் உட்கார்ந்து நகர்ந்தபடி கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறிக்குள் போடுகிற பெண்களில் ஒருத்தி அவள். முன்பே எங்களைப் பார்த்திருக்கிறாள். எங்களுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'பிரியாணிக்காரங்க'. முகத்துவாரம் ஏன் மூடியது என்று கணவர் கேட்டார்.

"ஆத்துல தண்ணி வந்தாதானே உள்ளேர்ந்து தள்ளும்? அது வர்ல. கடலு மட்டும் மண்ண கொண்டாந்து கொட்டிகினே கீது. வாயி மூடிகிச்சு. வாயி மூடிகிச்சுனா எறா எப்படி உள்ள வரும், பஸ் புடிச்சா?"

என் மகள் அதற்குள் ஒரு பாண்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டாள். நான் "வெயில், வெயில்" என்று கத்தினேன். கேட்கவில்லை.

மத்தியானம் கடல் ஏறும் நேரத்துக்குக் காத்திருந்து கடைசி வரப்பை வெட்டினார்கள். முதலில் வந்தது குழாயில் வருகிற அளவு தண்ணீர்தான். எல்லோரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டார்கள். சிறிது நேரத்தில் அது ஓடையாகி, ஓரங்கள் ரொட்டி மாதிரி பிய்ந்து விழ ஆரம்பித்தன. அரை மணி நேரத்தில் இக்கரை ஆளும் அக்கரை ஆளும் கத்திப் பேச வேண்டியிருந்தது. மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். தலைமுடியெல்லாம் மணல்.

"மா, இவ்ளோ நேரம் வெட்டினது அவங்க. இப்ப யாரு வெட்டுறா?"

பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது. பிறகு கல்லூரியில் புவியியல்தான் படிப்பேன் என்று அவள் நின்றபோது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கல்லூரியில் சேர்ந்த பிறகு அவள் பேச்சில் மணல் நடக்க ஆரம்பித்தது. தெற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் அலை சாய்வாக வந்து கரையிலுள்ள மணலை வடக்கே தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பினால் மணலும் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். கரையில் நிற்கிற மாதிரி தெரிந்தாலும் மணல் வழிப்போக்கன்தான். நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டினால் மணல் அந்தச் சுவரின் தெற்கில் தேங்கி நின்றுவிடும், வடக்கில் கரைக்கு வர வேண்டியது வராது, அலை மட்டும் வந்து இருப்பதைத் தின்னும். இதையெல்லாம் அவள் இட்லி சாப்பிடும்போது சட்னியையும் பொடியையும் வைத்து விளக்குவாள்.

ஒரு நாள் மாடியைக் காட்டிக் கேட்டாள். அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது தனி அறை வேண்டுமென்று நாங்கள் எடுத்த மாடி அது.

"மா, என் ரூம் எங்கேர்ந்து வந்துச்சு, தெரியுமா?"

"மேஸ்திரி கால்ல விழுந்ததுலேர்ந்து வந்துச்சு."

"விளையாடாத. ஆத்து மணல் லாரி வந்து இறங்குச்சே, ஞாபகம் இருக்கா? அது மெதுவா உருண்டு கடலுக்குப் போய்ச் சேர வேண்டியது. அலை அத தள்ளிட்டுப் போய் நாக்குல சேர்த்திருக்கும். நாம நடுவுலயே அள்ளி செவுத்துல பூசிட்டோம்."

"அப்ப செவுத்த இடிச்சு ஆத்துல கொண்டு போய்க் கொட்டிடட்டுமா?" என்றார் அவள் அப்பா, செய்தித்தாளை இறக்காமல்.

"ஏசிய மட்டும் கழட்டிட்டு இடிங்கப்பா."

சிரித்தோம். ஆனால் அன்று மாடிக்குத் துணி காயப்போடப் போனபோது, பூச்சு உதிர்ந்த ஒரு மூலையைத் தடவிப் பார்த்தேன். பெரிய பெரிய மணல். விரலில் ஒட்டியதை ஊதிவிடத் தோன்றவில்லை.

போன ஈஸ்டருக்கு முந்தைய மழைக்காலத்தில் வெள்ளம் அதிகம். மேலே ஏரிகள் நிரம்பி, ஆறுகளில் தண்ணீர் வந்து, முகத்துவாரம் தானே உடைத்துக்கொண்டது என்று மகள் சொல்லியிருந்தாள். நாங்கள் வழக்கம்போல் வேன் எடுத்துப் போனோம். கால்வாய் ஓரத்தில் நின்றோம். தண்ணீர் மேலே அமைதியாகத்தான் இருந்தது.

"மா, யாரையாவது கேட்டுட்டு இறங்கலாம். வெள்ளத்துக்கு அப்புறம் நாம வரல."

"பதினஞ்சு வருஷமா நடக்கிற வழிடி. எனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. அது போன வருஷம்."

"பிரியாணி ஆறுது" என்றார் கணவர். "போ, அம்மா பக்கத்துலயே போ."

கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். தோப்பின் கடைசி மரத்தைப் பார்த்தேன். மகளுடைய செருப்பையும் வாங்கி என்னுடையதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், நனையக் கூடாதென்று. கணுக்கால், முழங்கால். வழக்கத்தைவிடக் குளிர்ச்சி. காலுக்கடியில் மணல் பின்பக்கமாக வழுக்கிப் போவது தெரிந்தது. ஏதோ சரியில்லை என்று நின்று, திரும்பி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் எனக்கு வலது பக்கம் ஒரு எட்டு எடுத்துவைத்தாள். அவ்வளவுதான். எட்டு வைத்த இடத்தில் தரை இல்லை.

அவள் கத்தவில்லை. தலை ஒரு முறை தெரிந்தது, மறுபடி தெரிந்தபோது தூரத்தில் தெரிந்தது. தண்ணீர் மேலே அப்படியே அமைதியாக இருந்தது. அடியில் மொத்தமும் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கணவர் சட்டியைப் போட்டுவிட்டு மணலில் ஓடினார். நான் நின்றேன். இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். இரண்டு ஜோடிச் செருப்பையும் நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

அந்த இறால் பெண்தான் பிடித்தாள். கீழே, கால்வாய் வளைகிற இடத்தில், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தவள் பறியை விட்டுவிட்டு எழுந்து, போகிற தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் போட்டாள். மகள் மணலில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினாள். நான் அங்கே எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. செருப்பு அப்போதும் கையில்தான் இருந்தது.

"இன்னா பொம்பளமா நீ!" என்று அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "மழைல இந்தாண்ட ஆழமா அறுத்துட்ச்சு. தெரிலனா எவளயாச்சும் கேக்கறதுக்கு இன்னா? வாயில முத்தா கீது?"

"கடைசி மரத்தைப் பாத்துதான்..." என்றேன்.

"எந்தக் கடசி மரம்?"

காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் குரல் அப்போது இறங்கியது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"அதுக்கு அப்பால ஏழெட்டு மரம் இருந்திச்சும்மா. கடல் தின்னுட்ச்சு. இப்ப இது கடசி. அடுத்த வருசம் வேற ஒண்ணு கடசி."

அவளுக்கு ஏதாவது கொடுக்கக் கணவர் பைக்குள் கைவிட்டார். "அந்தச் சட்டிய குட்த்துட்டுப் போ" என்றாள். மணல் ஏறாத மேல் பாதிப் பிரியாணி குப்பத்துக்குப் போயிற்று. நாங்கள் வீட்டுக்கு வந்தோம். வேனில் கணவரின் அக்கா மட்டும் பைபிள் சங்கீதம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மகள் ஒரு வாரத்தில் கல்லூரிக்குப் போனாள். நான்தான் பள்ளியில் கரும்பலகையில் நேர்கோடு போடும்போது பாதியில் நிற்க ஆரம்பித்தேன். இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் ஒரே ஒரு கோடுதான் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். புள்ளி நகரும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆனியில் அவள் வந்து கேட்டாள். இறுதி ஆண்டில் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். அவள் நாக்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள். மாதம் ஒருமுறை போய் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளக்க வேண்டும். கூடப் படிக்கும் ஒரு பெண்ணும் வருவாள். நான் முடியாது என்றேன். வேறு எதையாவது எடு, உலகத்தில் வேறு மணலே இல்லையா என்றேன். அவள் வாதாடவில்லை. சரிம்மா என்றாள். வாதாடியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்காது.

ஆடியில் வாஷிங் மெஷினின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவும்போது அடியில் மணல் இருந்தது. ஒரு தேக்கரண்டி அளவு. நடுநடுவே கருப்புப் பொடி மின்னும் மணல். அம்பத்தூரிலோ ஆவடியிலோ எந்தத் தெருவிலும் அப்படி மணல் கிடையாது. அடுத்த மாதமும் இருந்தது. நூலகம் போகிறேன் என்று அவள் விடியற்காலையில் கிளம்பும் சனிக்கிழமைக்கு அடுத்த நாள்.

நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் போவதை நிறுத்துவாள், அல்லது என்னிடம் பொய் சொல்லுவாள். இரண்டில் எதையும் தாங்க எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். கைப்பேசியில் கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமைகளில் சமையலறையில் நின்று, இப்போது தண்ணீர் வெளியே ஓடுகிறது, இப்போது நின்றிருக்கும், இப்போது உள்ளே வருகிறது என்று கணக்குப் போடுவேன். சாயங்காலம் கேட் திறக்கிற சத்தம் கேட்டால் அடுப்பைப் பற்றவைப்பேன். "லைப்ரரில கூட்டமா?" என்பேன். "ரொம்ப" என்பாள். அவள் கழுத்தோரம் வெயிலில் கறுத்திருக்கும்.

ஒவ்வொரு முறையும் அந்த மணலை வழித்து ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவில் போட்டு வைத்தேன். எதற்கென்று தெரியவில்லை. பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோது டப்பாவைத் திறந்து உள்ளே விரலை விட்டு அளைந்திருக்கிறேன். அப்போது எனக்கு வேண்டியதாக இருந்தது ரொம்பச் சின்ன விஷயம். அந்தக் கால்வாயை முழங்கால் தண்ணீரில் ஒரு முறை தாண்ட வேண்டும். சுண்டுவிரலில் அந்த நறநறப்பு இருக்க வேண்டும். அக்கரையில் ஏழெட்டு மரம் அதிகமாக நிற்க வேண்டும். ஆண்டவரிடம் இதைக் கேட்கலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கேட்கும்படியான காரியமாக அது இல்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத."

"மணல் வாஷிங் மெஷின்ல நிறைய தங்குதுடி. பேன்ட்ட உதறிட்டுப் போடு."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வரும் பெண்ணுக்குக் காய்ச்சலாம். நாளை போகாவிட்டால் இந்த மாத அளவு விட்டுப்போகும்; நடுவில் ஒரு மாதம் இல்லாமல் ஆய்வை முடிக்க முடியாது. அளக்கும் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

"அப்பாவக் கூட்டிட்டுப் போயேன்."

"அப்பா ஒரு இடத்துல நிக்க மாட்டாரும்மா. போன் வந்தா நடக்க ஆரம்பிச்சிடுவாரு. நீ நிப்ப. நின்ன இடத்துல நல்லா நிப்ப."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. முகம் மாறியது. நான் ரசத்துக்குப் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன், கரைத்துக்கொண்டே இருந்தேன்.

"எத்தனை மணிக்கு பஸ்?" என்றேன்.

வேன் இல்லாமல் போனது அதுதான் முதல் முறை. செங்குன்றத்தில் பழவேற்காட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் எனக்கு இடம் விட்டாள். முன்னெல்லாம் ஜன்னலுக்குச் சண்டை போடுவாள். வழியில் அவள் பேசிக்கொண்டே வந்தாள், நான் பேசாமல் இருந்தால் நினைக்கத் தொடங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

கால்வாய் இப்போது வேறு இடத்தில் இருந்தது. நான் வழிசொன்ன இடத்தில் மணல் மேடிட்டுக் கொடி படர்ந்திருந்தது. தெற்கே நன்றாகத் தள்ளி, அகலமாக, ஆழமில்லாமல் தண்ணீர் கிடந்தது. தோப்பில் நான் பார்த்து நடந்த அந்த மரமும் இல்லை. வேர் மட்டும் ஒரு பக்கம் மணலில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஏதோ குப்பத்துப் பிள்ளை சட்டையைக் காயப்போட்டிருந்தது.

இறால் பெண் கரையில் உட்கார்ந்து பறியின் ஓலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கினாள்.

"வந்துட்டியா? வெறுங்கையோட வந்து கீற?"

"அடுத்த மாசம் ஈஸ்டருக்குக் கொண்டாரேன்" என்றேன். அப்படிச் சொல்லுவேன் என்று நான் நினைக்கவில்லை.

"மொதல்ல இந்தப் பக்கமா இறங்கு. உம் பொண்ணு பின்னாலயே போ. உம் பேச்ச நீயே கேக்காத, இன்னா?"

மகள் அவளிடம் கேட்டாள்: எங்கே ஆழம், எப்போது தண்ணீர் நிற்கும், எப்போது இழுக்க ஆரம்பிக்கும். மாதாமாதம் கேட்பவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி அரை வார்த்தையில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு மூங்கில் குச்சியை முன்னால் ஊன்றிப் பார்த்தபடி இறங்கினாள். நான் பின்னால் இறங்கினேன். தண்ணீருக்குள் கால்தடம் நிற்காது. அவள் முதுகைப் பார்த்துத்தான் நடக்க முடியும். முழங்கால் வரைகூட ஏறவில்லை. ஆனாலும் அக்கரையில் ஏறியபோது என் தாடை வலித்தது, பல்லை அவ்வளவு இறுகக் கடித்திருந்தேன்.

அளக்கும் முறையை அவள் சொல்லிக்கொடுத்தாள். நாடாவின் நீளம் முப்பது மீட்டர். அதன் முனையிலுள்ள வளையத்தை நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் நாடாச் சுருளோடு முன்னால் போவாள். முழு நீளமும் விரிந்ததும் நிறுத்தி, தன் காலடியில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு, "விடு" என்பாள். நான் வளையத்தை விட வேண்டும். அவள் நாடாவை இழுத்துக்கொண்டு அடுத்த முப்பது மீட்டருக்குப் போவாள். அதற்குள் நான் நடந்து குச்சிக்குப் போய், அங்கே வந்து நிற்கும் வளையத்தை எடுத்து மறுபடி பிடிக்க வேண்டும். நாக்கின் முனை வரைக்கும் இப்படித்தான்.

தோப்போரம் தொடங்கினோம். விடு. நடந்தேன். பிடித்தேன். விடு. காற்று தெற்கிலிருந்து அடித்தது. மணல் தரையோடு தரையாக எங்களோடு சேர்ந்து வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் குச்சிக்குப் போய்ச் சேரும்போதெல்லாம் அவள் நின்ற குழி பாதி நிரம்பியிருக்கும். அவள் முப்பது மீட்டர் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டி, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள். அந்த முதுகுக்கு வயது நான்கு இல்லை என்பதை நான் எத்தனை முறை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

முனைக்கு வந்தோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முகத்துவாரம். அவள் இருந்த இடத்துக்கு அப்பால் மணல் ஈரமாகி, தண்ணீருக்குள் வெளுப்பாக இறங்கிப்போனது. குச்சியை ஊன்றினாள்.

"விடும்மா."

"முனை வந்துடுச்சே."

"முனை தண்ணிக்குள்ள இருக்கு. இன்னும் ஒரு நீளம் இருக்கும். முழங்கால் வரைக்கும்தான் போவேன்."

நான் விடவில்லை. வளையம் என் விரலில் அழுந்தியது. நாடா எங்கள் நடுவில் காற்றில் விர்ரென்று அதிர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, இழுக்கவும் இல்லை. நாடாவைத் தொய்ய விடாமல் பிடித்தபடி நின்றாள்.

"தண்ணி எப்ப இழுக்கும்னு கேட்டியா?" என்று கத்தினேன்.

"கேட்டுட்டேன். இன்னும் முக்கா மணி நேரம் தண்ணி நிக்கும்."

எனக்கும் அது தெரியும். பஸ்ஸில் வரும்போதே கைப்பேசியில் பார்த்துவிட்டேன். அவள் சொன்னதும் நான் பார்த்ததும் ஒன்றாகத்தான் இருந்தது. மிச்சம் இருந்தது பயம் மட்டும். அது எப்போதும் இருக்கிறது.

விட்டேன்.

வளையம் மணலில் துள்ளித் துள்ளி அவள் பின்னால் போனது. அவள் மூங்கில் குச்சியை முன்னால் ஊன்றி, ஒரு எட்டு, நின்று, அடுத்த எட்டு என்று தண்ணீருக்குள் இறங்கினாள். நான் நடந்தேன். அவள் கரையில் ஊன்றிவிட்டுப் போன குச்சி வரைக்கும் நடந்தேன். அதன் அடியில் அவளுடைய இரண்டு கால் குழியிலும் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் என் காலை ஊன்றிக்கொண்டு, குனிந்து வளையத்தை எடுத்தேன்.

"பிடிச்சிட்டேன்" என்று கத்தினேன். "எவ்வளவுன்னு பாத்து எழுது."